கடவுச்சொல் பிழை என்று சொல்லுமுன் லொக் பதிவைத் திறந்து பாருங்கள்

திருகோணமலை மாவட்டத்து அலுவலகங்களின் மின்னஞ்சல் சேவையகங்களைப் பராமரிக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும், அவர்களுக்கு மேலே இருந்து கையொப்பமிடும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பஸ் நிலையத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அதிபரைக் கண்டேன். வெருகல் பக்கத்துச் சிறிய பாடசாலை ஒன்றுக்குப் பொறுப்பானவர். கையில் ஒரு கடித உறை, முகத்தில் களைப்பு.

"பாஸ்வேர்ட் மாத்த வந்தனான் அண்ணா. நாலு நாளா லொகின் ஃபெயில்ட் எண்டு காட்டுது. போன் எடுத்தா, பாஸ்வேர்ட் பிழை டீச்சர், முத்திரை குத்தின கடிதத்தோட நேரில வாங்கோ எண்டு சொல்லிப்போட்டினம்."

காலையில் வீட்டை விட்டு வெளிக்கிட்டவர், மூதூர் தாண்டி, கிண்ணியா தாண்டி வந்து சேர்ந்திருந்தார். அன்றைக்குப் பாடசாலையில் அவருக்குப் பதிலாக நிற்க ஆளில்லை. கடிதத்தைக் கொடுத்தார். கருமபீடத்தில் இருந்த தம்பி புதிய கடவுச்சொல் ஒன்றைத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தார். அங்கேயே ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தார், சரியாக இருந்தது. நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

இரவு எட்டு மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது. புதிய கடவுச்சொல்லும் வேலை செய்யவில்லை.

அந்த அலுவலகம் எது என்பதை நான் எழுதப்போவதில்லை. ஒரு அலுவலகத்தைப் பற்றி மட்டும் சொல்வதென்றால் இந்த மடலே வேண்டியதில்லை, நேரில் போய்ச் சொல்லியிருப்பேன். பதினெட்டு வருடம் இந்த ஊரில் மின்னஞ்சல் சேவையகங்களோடு வேலை செய்தவன் நான். இதே பதிலை எத்தனை மேசைகளில் இருந்து எத்தனை பேர் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த மேசையில் இருந்து நானும் அதே பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நாள் காலை அங்கே வேலை செய்யும், என்னிடம் முன்பு பழகிய ஒரு தம்பியிடம் ஒரே ஒரு உதவி கேட்டேன். "அந்தக் கணக்கின்ர பேரை லொக்கில தேடி, என்ன கிடக்கு எண்டு அப்பிடியே வாசிச்சுக் காட்டு." லொக் என்பது, யார் எப்போது உள்ளே வர முயன்றார், என்ன நடந்தது என்று சேவையகம் வரி வரியாக எழுதி வைக்கும் பதிவு. இரண்டு நிமிடத்தில் வாசித்தார். பிழை எண் 49, அதற்குப் பக்கத்தில் 775.

கணக்குகளை மைக்ரோசொஃப்ட்டின் அக்டிவ் டிரெக்டரி என்ற பயனர் அடைவில் வைத்திருப்பவர்கள் இந்த எண்களைச் சுவரில் எழுதி ஒட்டி வைக்க வேண்டும். அந்த அடைவிடம் கேட்கும் நெறிமுறையான எல்டாப் வழியாக வரும் 49 என்றால் 'இந்த ஆளை உள்ளே விடமாட்டேன்' என்பது மட்டும்தான். ஏன் விடவில்லை என்பது அதற்குள் இருக்கும் இரண்டாவது எண்ணில் இருக்கிறது. 525 என்றால் அப்படி ஒரு பயனரே இல்லை. 52e என்றால் கடவுச்சொல் உண்மையாகவே பிழை. 532 என்றால் கடவுச்சொல்லின் காலம் முடிந்துவிட்டது. 533 என்றால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. 773 என்றால் முதலில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு வா. 775 என்றால் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது. பலமுறை பிழையாக முயன்றபடியால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

டீச்சரின் கணக்கு பூட்டியிருந்தது. பூட்டியது அவரும் அல்ல. லொக்கில் இன்னும் கொஞ்சம் மேலே போனால், கைப்பேசி வலையமைப்பு ஒன்றின் முகவரியில் இருந்து கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவு பகல் பாராமல் பிழையான முயற்சி வந்துகொண்டே இருந்தது. மனிதர் யாரும் இப்படி நேரம் தவறாமல் பிழை விடமாட்டார். அந்தப் பாடசாலையில் இருந்த உப அதிபர் ஒரு வருடத்துக்கு முன்னர் கந்தளாய்ப் பக்கம் இடமாற்றம் பெற்றுப் போயிருந்தார். அலமாரியில் கிடந்த அவருடைய பழைய போனை மகள் படிப்புக்கென்று எடுத்து மறுபடி இயக்கியிருக்கிறாள். அதில் பாடசாலைக் கணக்கு அப்படியே இருந்திருக்கிறது, பழைய கடவுச்சொல்லோடு. அந்தப் போன் பாவம், தன் வேலையைச் செய்தது. கருமபீடத்தில் கணக்கின் பூட்டைத் திறந்தார்கள், டீச்சர் பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் போன் மறுபடியும் பூட்டிவிட்டது.

கடவுச்சொல்லை இன்னும் நூறு தடவை மாற்றியிருந்தாலும் இது தீர்ந்திருக்காது. அந்தப் போனில் இருந்து கணக்கை நீக்கியதும் தீர்ந்தது. அதற்குத் தேவைப்பட்டது ஒரு தொலைபேசி அழைப்பு.

நான் இந்த மடலில் கேட்பது இதைத்தான். யாராவது 'உள்ளே போக முடியவில்லை' என்று சொன்னால், கடவுச்சொல்லைத் தொடுவதற்கு முன்னர் லொக்கை வாசியுங்கள். கடவுச்சொல்லை மாற்றுவது கடைசி மருந்தாக இருக்கட்டும். நோயாளியைப் பார்க்காமலே எல்லாருக்கும் ஒரே குளிசையைக் கொடுக்கும் டொக்டரிடம் நாங்கள் இரண்டாவது முறை போகமாட்டோம். மின்னஞ்சல் விடயத்தில் மக்களுக்குப் போவதற்கு வேறு இடமில்லை.

'லொகின் ஃபெயில்ட்' என்ற அந்தச் சொல் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதை விளக்க வேண்டும். நம் அலுவலகங்களில் பெரும்பாலும் இருக்கிற அமைப்பை எடுத்துக்கொள்வோம். முன்னால் உலாவியில் திறக்கும் வெப்மெயிலான ரவுண்ட்கியூப், பின்னால் அஞ்சல்பெட்டிகளைக் காக்கும் மென்பொருளான டவ்கொட், அதற்கும் பின்னால் கணக்குகள் இருக்கும் தரவுத்தளம் அல்லது அடைவு. ரவுண்ட்கியூப்புக்கு உங்கள் கடவுச்சொல் சரியா பிழையா என்று தெரியாது. அதை, அஞ்சலை வாசிக்கும் நெறிமுறையான ஐமேப் வழியாக டவ்கொட்டிடம் கொடுக்கும். டவ்கொட் தரவுத்தளத்திடம் கேட்கும். பதில் அதே பாதையால் திரும்பி வரும். டவ்கொட்டையே எட்ட முடியாமல் போனால் ரவுண்ட்கியூப் 'சேமிப்பகச் சேவையகத்துடன் தொடர்பு கிடைக்கவில்லை' என்ற பொருள்பட வேறு செய்தி காட்டும். டவ்கொட்டை எட்டி, அது 'இல்லை' என்று சொன்னால்தான் 'லொகின் ஃபெயில்ட்'. இரண்டும் இரண்டு நோய்கள். ஆனால் அழைப்பை எடுக்கும் எவரும் 'திரையில் என்ன எழுதியிருக்கிறது, எழுத்துக்கு எழுத்து வாசியுங்கோ' என்று கேட்பதில்லை. முதல் கேள்வி அதுவாக இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது.

'இல்லை' என்ற பதிலுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. கிண்ணியாப் பாலம் திறந்த 2009ஆம் ஆண்டிலேயே ஐமேப் நெறிமுறைக்கு ஒரு சேர்க்கை வந்தது, ஆர்எஃப்சி 5530 என்ற இணையத் தரநிலை ஆவணமாக. பயனர் தந்த விபரம் பிழையா, கடவுச்சொல்லின் காலம் முடிந்ததா, அல்லது பின்னால் இருக்கும் தரவுத்தளம் தற்காலிகமாக எழும்பவில்லையா என்பதைச் சேவையகம் தனித்தனிக் குறியீடுகளால் சொல்லலாம் என்று அது வகுத்தது. டவ்கொட் அப்படித்தான் சொல்கிறது. தரவுத்தளம் விழுந்து கிடக்கும்போது 'அவைலபிள் இல்லை' என்ற குறியோடுதான் பதில் அனுப்புகிறது. அந்தக் குறியைக் கவனிக்காமல் 'இல்லை' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, வெப்மெயில் பயனருக்கு அதே 'லொகின் ஃபெயில்ட்'டைக் காட்டுகிறது. சேவையகத்துக்குத் தெரியும், லொக்குக்குத் தெரியும். வெருகலில் இருக்கும் டீச்சருக்குத்தான் தெரியாது.

பாதுகாப்பு பற்றித் தெரிந்தவர்கள் இங்கே ஒரு மறுப்புச் சொல்வார்கள். 'அந்தப் பயனரே இல்லை' என்றும் 'பயனர் இருக்கிறார், கடவுச்சொல் பிழை' என்றும் பிரித்துக் காட்டினால், கள்ளன் கணக்குப் பெயர்களைத் துழாவிக் கண்டுபிடிப்பான் என்பார்கள். முழுக்கச் சரி. அந்த இரண்டையும் பிரிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. 'எங்கள் பக்கம் கோளாறு, சற்று நேரத்தில் முயலுங்கள்' என்று சொல்வதால் கள்ளனுக்கு ஒரு நன்மையும் இல்லை. நியாயமாகத் தன் கடவுச்சொல்லை அடிப்பவருக்கோ அந்த ஒரு வரி ஒரு நாளைக் காப்பாற்றும்.

என் பக்கத்துப் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றவர்களைக் கேட்கும் உரிமை அதற்குப் பிறகுதான் எனக்கு உண்டு. சில வருடங்களுக்கு முன்னர், ஓர் அலுவலகத்து முகாமைத்துவ உதவியாளர் தங்கச்சி ஒருத்தி அழைத்தாள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் ஒரு பிழையும் காட்டாமல் மறுபடி அதே நுழைவுப் பக்கம் வருகிறது என்றாள். நான் குக்கியை அழிக்கச் சொன்னேன். வேறு உலாவியில் பார்க்கச் சொன்னேன். 'நீங்கள் எழுத்தை விட்டுவிட்டு அடிக்கிறீர்கள்' என்றும் சொன்னேன். மூன்றாம் நாள் மற்றவர்களுக்கும் அப்படியே வரத் தொடங்கியபோதுதான் சேவையகத்தின் வட்டைப் பார்த்தேன். நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தது. உள்ளே போனவரின் அமர்வை எழுதி வைக்க இடமில்லை, ஆகவே அடுத்த பக்கத்தில் வெப்மெயில் அவரை மறந்துவிடுகிறது. வட்டை நிரப்பியது லொக். அந்த லொக்கை அவ்வளவு பெருக்க வைத்தவன் நான்: வேறொரு கோளாறைத் தேடுவதற்காக டவ்கொட்டின் விரிவான பதிவை இரண்டு கிழமைக்கு முன்னர் போட்டுவிட்டு, நிறுத்த மறந்துவிட்டேன். அவளிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு தேநீர் தந்தாள். ஆனால் அந்த மூன்று நாளும் தன் மேலதிகாரியிடம் 'உனக்கு ஒரு பாஸ்வேர்ட்கூட அடிக்கத் தெரியாதா' என்று ஏச்சு வாங்கியிருக்கிறாள். அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

இதனால்தான் சொல்கிறேன், வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் கடிகாரம் சரியா என்பதையும் பார்க்கப் பத்து விநாடிதான் போகும். அதை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

கடிகாரம் என்றதும் 2022 நினைவுக்கு வருகிறது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற காலம். யூபிஎஸ் பெட்டிகளின் பற்றரி எல்லாம் அந்த மாதத்திலேயே செத்தன. பழைய சேவையகங்களில் தாய்ப்பலகையின் சிறிய பற்றரியும் செத்திருந்தால், மின்சாரம் வந்ததும் இயந்திரம் பல வருடம் பின்னால் போன நேரத்தோடு எழும்பும். அப்போது ஒழுங்காக இருக்கும் பாதுகாப்புச் சான்றிதழ்கூட 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று தள்ளப்படும். போனில் வரும் ஆறு இலக்க இரண்டாம் படிக் குறியீடு 30 விநாடிக்கு ஒருமுறை மாறுவது. நேரம் தவறினால் அது ஒருபோதும் பொருந்தாது. அக்டிவ் டிரெக்டரியில் அடையாளம் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை இயல்பாக ஐந்து நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது. பழைய டவ்கொட், அதாவது இரண்டாம் பதிப்புக்கு முந்தியது, நேரம் பின்னால் நகர்ந்ததைக் கண்டால் தானாகவே நின்றுவிடும். இத்தனை கோளாறுகளும் பயனருக்கு 'உள்ளே போக முடியவில்லை' என்ற ஒரே முகத்தோடுதான் தெரியும். நேரத்தை வலையமைப்பில் இருந்து எடுக்கும் சேவை ஓடுகிறதா, அதற்கான 123ஆம் யூடிபி வாயிலைத் தீச்சுவர் மறிக்கிறதா என்று ஒருமுறை பார்த்து வையுங்கள். மழைக்காலம் வந்தால் இந்த ஊரில் மின்சாரம் போவது புதுமையல்ல. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில் கரையேறிய இரவை நாங்கள் மறக்கவில்லையே.

லொக்கை வாசிக்கும்போது இன்னொன்று. பல சேவையகங்கள் லொக்கை எங்கள் நேரத்தில் அல்ல, உலகப் பொது நேரத்தில் (யூடிசி) எழுதுகின்றன. 'காலை எட்டு மணிக்கு அடிச்சனான், வரேல்ல' என்று ஒருவர் சொன்னால், எட்டு மணி வரியைத் தேடினால் அங்கே வேறு யாரோ இருப்பார்கள். எட்டில் இருந்து ஐந்தரை மணித்தியாலத்தைக் குறைத்து, அதிகாலை 2.30இல் தேட வேண்டும். 'லொக்கில ஒண்டும் இல்லை' என்று நல்ல பொடியன்கள் கையை விரிப்பதை இதனாலேயே பலமுறை பார்த்திருக்கிறேன்.

சில கோளாறுகள் பேய் வந்து போன மாதிரி இருக்கும். ஒரு காலை திடீரென்று ஒருவராலும் உள்ளே போக முடியாது. அழைப்புகள் குவியும். நீங்கள் கதிரையில் வந்து இருப்பதற்குள் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். பத்து நிமிடம்தான். மறுநாளும் அப்படியே. வெப்மெயில் ஒரு இயந்திரத்திலும் டவ்கொட் இன்னொரு இயந்திரத்திலும் இருந்து, டவ்கொட் பக்கத்தில் ஃபெயில்டூபேன் என்ற காவல் மென்பொருள் ஓடினால் இதை முதலில் சந்தேகியுங்கள். அதன் இயல்பு அமைப்பு: பத்து நிமிடத்துக்குள் ஐந்து பிழை வந்தால் அந்த முகவரியைப் பத்து நிமிடம் மறிப்பது. வெப்மெயில் வழியாக வரும் எல்லாரும் டவ்கொட்டின் கண்ணுக்கு ஒரே முகவரியில் இருந்துதான் வருகிறார்கள், அது வெப்மெயில் இயந்திரத்தின் முகவரி. தம்பலகாமத்தில் ஒருவர் ஐந்து தடவை பிழையாக அடித்தால், மூதூரும் நிலாவெளியும் உவர்மலையும் சேர்ந்து பத்து நிமிடம் வெளியே நிற்கும். வெப்மெயிலின் முகவரியை மறிக்காத பட்டியலில் போடுவது முதலுதவி. சரியான மருந்து, டவ்கொட்டின் நம்பிக்கைக்குரிய வலையமைப்புப் பட்டியலில் அந்த இயந்திரத்தைச் சேர்த்து, ரவுண்ட்கியூப் பயனரின் உண்மையான முகவரியை உடன் அனுப்பும்படி செய்வது. அப்போது லொக்கிலும் உண்மையான முகவரி விழும், பிழை விட்டவர் மட்டும் மறிக்கப்படுவார்.

ஒரே கணக்கை அலுவலகம் முழுவதும் பாவிக்கும் வழக்கமும் இங்கே உண்டு. ஆறு மேசையில் அவுட்லுக், நாலு போன், எல்லாம் ஒரே ரூட்டருக்குப் பின்னால். ஒரு பயனருக்கு ஒரு முகவரியில் இருந்து இயல்பாகப் பத்து இணைப்புத்தான் டவ்கொட் அனுமதிக்கும், ஒரு மென்பொருளே நாலைந்து இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும். பத்தும் நிரம்பிய பிறகு வருகிறவருக்கு இடமில்லை. அவருக்கு அவுட்லுக் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கும். அவரும் அடித்துக்கொண்டே இருப்பார்.

இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் வருவோம். உண்மையாகவே கடவுச்சொல் பிழையாக விழும் நேரங்களும் நிறைய இருக்கின்றன, அதில் எங்கள் ஊருக்கென்று ஒரு காரணம் உண்டு. மூன்று மொழியில் வேலை செய்யும் கணினிகள் இவை. யூனிகோட் தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டு இருக்கும்போது கடவுச்சொல் பெட்டியில் அடித்தால் உள்ளே போவது தமிழ் எழுத்து. திரையில் தெரிவதோ கறுப்புப் புள்ளிகள் மட்டும். பாமினியில் பழகியவர்களுக்கு இது இன்னும் குழப்பம்: பாமினி வெறும் எழுத்துரு, அதில் அடித்தாலும் உள்ளே போவது ஆங்கில எழுத்துத்தான், ஆகவே முந்தி ஒருநாளும் இந்தச் சிக்கல் வந்திருக்காது. யூனிகோடுக்கு மாறிய பிறகு 'நேற்று வரைக்கும் சரியா இருந்ததே' என்று அவர் சொல்வது பொய்யில்லை. கடவுச்சொல்லை முதலில் பயனர் பெயர்ப் பெட்டியில் அடித்து, கண்ணால் பார்த்து, அழித்துவிட்டு, பிறகு உரிய இடத்தில் அடிக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் யாரும் நிற்காத நேரத்தில். போனில் முதல் எழுத்து தானாகப் பெரிய எழுத்தாவதும், வட்ஸ்அப்பில் இருந்து பிரதி எடுக்கும்போது கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொள்வதும் இதே வகை. பயனர் பெயரை டொமைனோடு முழுதாகப் போடவேண்டுமா, முன்பகுதி போதுமா என்பதை நுழைவுப் பக்கத்திலேயே தமிழில் ஒரு வரி எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

வாசிக்க முடிகிறது, அனுப்ப முடியவில்லை என்றால் அது வேறு கதவு. அனுப்பும்போது 587ஆம் வாயிலில் அஞ்சல் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபி தனியாக ஒருமுறை அடையாளம் கேட்கிறது, அதன் லொக் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் பக்கத்தில் இருக்கும். 2022இல் வந்த ரவுண்ட்கியூப் 1.6க்கு ஏற்றியவர்கள் ஐமேப், எஸ்எம்டிபி சேவையகங்களைக் குறிக்கும் அமைப்புகளின் பெயர்களே மாறியதைக் கவனிக்க வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட்டின் இலவசச் சான்றிதழ் பாவிப்பவர்கள் அது 90 நாளில் காலாவதியாகும் கணக்கை நினைவில் வையுங்கள். இணையத்தளத்துக்குப் புதுப்பித்த சான்றிதழை டவ்கொட்டும் மறுபடி வாசிக்கச் செய்யாவிட்டால், உலாவியில் பூட்டுக்குறி அழகாகத் தெரியும், உள்ளே இருக்கும் கதவு இழுபட்டு நிற்கும்.

தம்பிமார் சிலருக்குத் தெரியாத ஒரு நல்ல வசதியைச் சொல்கிறேன். பிழையான முயற்சிகளில் வந்த கடவுச்சொல்லை அப்படியே எழுதாமல், அதன் எஸ்எச்ஏ1 என்ற கணிதச் சுருக்கத்தின் முதல் ஆறு எழுத்தை மட்டும் லொக்கில் எழுதும்படி டவ்கொட்டை அமைக்கலாம். அந்த ஆறு எழுத்து ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருந்தால், எங்கோ ஒரு போனோ அவுட்லுக்கோ பழைய கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு தட்டுகிறது. ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தால் யாரோ ஊகித்துப் பார்க்கிறான். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. ஆனால் கடவுச்சொல்லை வெளிப்படையாக எழுதும் அமைப்பை மட்டும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். அந்த லொக் கோப்பு பிறகு எந்தக் காப்புப் பிரதியில், யாருடைய பென்டிரைவில் போய்க் கிடக்கும் என்று தெரியாது.

அதிகாரிகளே, இனி உங்களிடம்.

உள்ளே போக முடியாத மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். சொந்த ஜிமெயிலைத் திறக்கிறார்கள். அலுவலகக் கடிதம் அங்கே போகிறது. காணி விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழின் பிரதி, நோயாளியின் அறிக்கை எல்லாம் அங்கே போகின்றன. அந்த உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போகும்போது கடிதங்களும் அவரோடு போகின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருவர் வந்து கேட்டால், உங்கள் சேவையகத்தில் தேடி எதை எடுத்துக் கொடுப்பீர்கள்?

அதைவிடப் பெரிய ஆபத்து, பழக்கம். காரணம் இல்லாமல் நாளுக்கு இரண்டு தடவை கடவுச்சொல் கேட்கப்பட்டுப் பழகியவர், 'உங்கள் அஞ்சல்பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே மறுபடி உள்நுழையவும்' என்று வரும் கள்ளக் கடிதத்தின் பக்கத்திலும் அதே அலுப்போடு அடித்துவிடுவார். 2023 ஓகஸ்டில் அரசின் மேகக் கணினி அமைப்பு ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானதும், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குக் காப்புப் பிரதி இல்லாமல் போனதும் நாடறிந்த செய்தி. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடிதங்கள். அதைப் படித்த பிறகும் எங்கள் மாவட்டத்தில் இது 'ஐடி பொடியன்மாரின்ர சோலி' என்று இருக்கக்கூடாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாரும் கடவுச்சொல் மாற்ற வேண்டும் என்ற சுற்றுநிருபத்தைத் தயவுசெய்து மறுபடி யோசியுங்கள். கடவுச்சொல் களவு போனதற்கு அறிகுறி இல்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி 2017இலேயே தன் வழிகாட்டலில் எழுதிவிட்டது. இங்கே அந்த விதியால் நடப்பது என்ன? பழைய சொல்லுக்குப் பின்னால் 1, 2, 3 என்று எண் ஏறுகிறது, புதியது விசைப்பலகைக்கு அடியில் ஒட்டப்படுகிறது, மாற்றிய மறுநாள் பழைய போன்கள் எல்லாம் சேர்ந்து கணக்கைப் பூட்டுகின்றன. அந்தச் சக்தியை இரண்டாம் படிச் சரிபார்ப்புக்குச் செலவழியுங்கள்.

கடித உறையோடு நேரில் வா என்ற விதியையும் மாற்றலாம். ஆள் உண்மையான ஆள்தானா என்று உறுதிப்படுத்த வேண்டியது அவசியம், அதில் நான் ஒருபோதும் விட்டுக்கொடுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு வெருகலில் இருந்து பஸ் ஏற வேண்டியதில்லை. 11 பிரதேச செயலகங்கள் இருக்கும் மாவட்டம் இது. ஒவ்வொன்றிலும் நம்பிக்கைக்குரிய ஒரு உத்தியோகத்தர் அடையாள அட்டையைப் பார்த்து உறுதிசெய்ய, பதிவில் இருக்கும் தொலைபேசி எண்ணுக்கு நீங்களே திரும்ப அழைத்துப் பேசினால் போதும். முதல் உள்நுழைவிலேயே மாற்றியாக வேண்டிய தற்காலிகக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். துண்டுக் கடதாசி வேண்டாம். யாரிடமும் 'உங்கட பாஸ்வேர்ட் என்ன' என்று கேட்கவும் வேண்டாம். நீங்களே கேட்டுப் பழக்கினால் கள்ளன் கேட்கும்போதும் சொல்வார்கள்.

சேவையகம் நின்றுபோனால் நுழைவுப் பக்கத்தின் மேலே தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரி போடுங்கள்: இத்தனை மணியில் இருந்து எங்கள் பக்கம் கோளாறு, உங்கள் கடவுச்சொல்லில் பிழையில்லை, மாற்ற வேண்டாம். அந்த வரியைப் போட ஒருவருக்கு அதிகாரம் கொடுங்கள், மேலிடத்துக் கையொப்பத்துக்காக அவர் காத்திருக்காதபடி. லொக்கைக் குறைந்தது மூன்று மாதமாவது பத்திரமாக வைத்திருக்க வட்டு வாங்கிக் கொடுங்கள். ஒரே ஒரு பொடியன் நாலு அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டு, பிரிண்டர் மை மாற்றிக்கொண்டு, லொக்கும் வாசிக்க முடியாது. அவனுக்கும் நேரம் வேண்டும், படிக்க வாய்ப்பு வேண்டும். நிலாவெளி வீதியில் பல்கலைக்கழக வளாகமே இருக்கிறது, கணினி படிக்கும் பிள்ளைகள் பயிற்சிக்கு இடம் தேடுகிறார்கள்.

டீச்சருக்கு அன்றைக்கு ஆன செலவை நான் கேட்டேன். பஸ் காசைச் சொல்லவில்லை. "ஐஞ்சாம் ஆண்டுப் பிள்ளையளுக்கு அண்டைக்கு மொடல் பேப்பர் ஒண்டு குடுக்க இருந்தனான் அண்ணா, அதுதான் போச்சு" என்றார்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, சனிக்கிழமை காலைகளில் நான் உப்புவெளியில் வீட்டில்தான் இருப்பேன். விளங்காத லொக் வரி இருந்தால், பயனரின் பெயரையும் முகவரியையும் அழித்துவிட்டுக் கொண்டு வாருங்கள். சேர்ந்து இருந்து வாசிப்போம்.

அன்புடன்,
பழைய சேவையகப் பராமரிப்பாளன் ஒருவன்,
உப்புவெளி, திருகோணமலை.